சிவப்புச் சீட்டு மாட்டிய நாய்

எங்கள் ஆலையின் விடுப்பு விண்ணப்பத்தில் "காரணம்" என்று ஒரு கட்டம் உண்டு. ஓசூர்ப் பகுதியின் அசலான புனைகதைகள் எல்லாம் அந்தக் கட்டத்துக்குள்தான் எழுதப்படுகின்றன. அதில் மாமனார்கள் ஆண்டுக்கு இருமுறை இறக்கிறார்கள். கிரிக்கெட் நடக்கும் மாதங்களில் இறப்பு கொஞ்சம் கூடுகிறது. ஒரே வீட்டுக்கு நான்கு முறை கிரகப்பிரவேசம் செய்தவர் எங்கள் பெயிண்ட் பிரிவில் இருக்கிறார். நானும் ஒன்றும் யோக்கியன் இல்லை. இங்கே வேலைக்குச் சேர்ந்த இருபத்திரண்டு வருடத்தில் மூன்று சித்தப்பாக்களை மேலே அனுப்பியிருக்கிறேன். எனக்கு இருப்பது ஒரே சித்தப்பா. அவர் இன்றைக்கும் சாத்தூரில் காலையில் நாலு கிலோமீட்டர் நடக்கிறார்.

போன குளிர்காலத்தில் முதல்முறையாக அந்தக் கட்டத்தில் உண்மையை எழுதினேன்: "என் நாய்க்கு அறுவைச் சிகிச்சை." அதற்குக் கீழே "நோயாளியுடன் உறவு" என்று இன்னொரு கட்டம். அதை எப்படி நிரப்புவது என்று தெரியாமல் வெறுமையாக விட்டேன்.

எங்கள் மேலாளர் என்னைவிடப் பத்து வயது இளையவர். தாளை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"என்ன சார் இது?"

"லீவு லெட்டர்."

"அது தெரியுது. நாய்னு எழுதியிருக்கீங்க."

"நாய்க்குத்தான்."

"நீங்க குவாலிட்டி டிபார்ட்மென்ட்ல சீனியர் சார். இத நான் மேல அனுப்பணும். 'குடும்ப விசேஷம்'னு மாத்திக் குடுங்க, கண்ண மூடிட்டுக் கையெழுத்துப் போடறேன்."

"விசேஷம் இல்ல சார், ஆபரேஷன்."

"சரி, மாமனாருக்கு ஆபரேஷன்னு போடுங்க."

"அவருக்கு ஒண்ணும் இல்ல, நல்லாத்தான் இருக்காரு."

"அதான் சார் வசதி. யாருக்கும் சேதாரம் இல்லாம முடியும்."

மாற்ற மாட்டேன் என்றேன். எனக்கே என் குரல் புதிதாக இருந்தது. ஐம்பத்து மூன்று வயதில் ஒருவன் முதலாளித்துவத்தை எதிர்த்து நிற்பான், சாதியை எதிர்த்து நிற்பான், குறைந்தபட்சம் சர்க்கரை நோயையாவது எதிர்த்து நிற்பான். நான் ஒரு விடுப்பு விண்ணப்பத்தை எதிர்த்து நின்றேன். வீட்டில் மூன்று அலமாரி நிறையப் புத்தகம் வாசித்துச் சேர்த்த வீரம் அவ்வளவுதான். மேலாளர் பெருமூச்சு விட்டுக் கையெழுத்துப் போட்டார். ஆனால் அந்த வெற்றுக் கட்டத்தைச் சுற்றிப் பென்சிலால் ஒரு வட்டம் போட்டுப் பக்கத்தில் கேள்விக்குறி வைத்தார்.

நாயைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பதினோரு வயது, பெண். எந்தச் சாதி என்று கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை, நாய் விஷயத்திலும். பாகலூர் சாலையிலிருந்து உள்ளே தள்ளி, ரோஜாக் கொட்டகைகளை அழித்துப் போட்ட மனைப்பிரிவில் எங்கள் வீடு. கட்டுமான மணலில் குட்டியாகக் கிடந்தவளை என் மனைவி புடவைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு வந்தாள். அன்றிலிருந்து அவள் எங்கள் நாய் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். எதிர்வீட்டுக் கன்னடக் குடும்பமும், கோடியில் இருக்கும் தெலுங்குக் குடும்பமும் அவ்வாறே நினைத்துக்கொண்டிருந்தது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. மூன்று மொழியில் மூன்று பெயர். மூன்றுக்கும் வாலாட்டுவாள். எதைச் சொல்லிக் கூப்பிட்டாலும், சாப்பாடு இல்லையென்றால் திரும்பிப் பார்க்க மாட்டாள்.

அவளுக்கு ஒரே ஓர் உத்தியோகம் உண்டு. விடிவதற்கு முன் முதல் ஷிப்ட் பேருந்துகளுக்காக எங்கள் வாசலுக்கு எதிரே பத்துப் பன்னிரண்டு பேர் நிற்பார்கள், குரங்குக் குல்லாயும் சாப்பாட்டு டப்பாவுமாக. அவர்களை அனுப்பிவைப்பது இவள் வேலை. கடைசிப் பேருந்தும் திரும்பி மறைந்த பிறகு இரண்டு முறை குரைத்துவிட்டு உள்ளே வருவாள். பதினோரு வருடத்தில் ஒரு நாள் விடுப்பு எடுத்ததில்லை. காரணமும் எழுதியதில்லை.

அவளுடைய கடைசி மடிக்காம்புக்குப் பக்கத்தில் ஒரு கட்டி வந்தது. முதலில் சுண்டைக்காய் அளவு. நான் தரக்கட்டுப்பாட்டுக்காரன், அரை மில்லிமீட்டர் கூடினாலும் உதிரிப்பாகத்தைத் திருப்பி அனுப்புகிறவன். அந்தக் கட்டியை மட்டும் மூன்று மாதம் "பார்க்கலாம்" என்றேன். எலுமிச்சை அளவு ஆனபோது என் மனைவி பேச்சை விட்டுவிட்டு ஆட்டோவைக் கூப்பிட்டாள்.

கால்நடை மருத்துவர் ஓர் இளம்பெண். அதிகம் சிரிக்காதவர். கட்டியை அமுக்கிப் பார்த்தார். "எடுத்துடணும். அதோட கர்ப்பப்பையையும் எடுத்துடலாம். விட்டா உடையும், நுரையீரலுக்கும் போகலாம்" என்றார்.

"வயசு பதினொண்ணு ஆச்சே மேடம். மயக்க மருந்து தாங்குமா?"

"வயசு ஒரு வியாதி இல்ல சார். தாங்குமான்னு என்னைக் கேக்காதீங்க. ரத்தத்தக் கேப்போம், இதயத்தக் கேப்போம். அதுக்கப்புறம் நான் சொல்றேன்."

வயது ஒரு வியாதி இல்லை என்ற வாக்கியத்தை நான் அன்றே எனக்காகவும் எடுத்து வைத்துக்கொண்டேன்.

வெளியில் யாரும் அப்படிச் சொல்லவில்லை. ஆலை உணவகத்தில் ஒருவர் விடாமல் அறிவுரை சொன்னார்கள். "வாழ்ந்து முடிச்ச நாய் சார், எதுக்குக் கத்தி?" "அது பாட்டுக்குப் போகட்டும் விடுங்க." "வேற குட்டி ஒண்ணு தர்றேன், எங்க பர்கூர்ல அஞ்சு போட்டிருக்கு." மாற்று உதிரிப்பாகம் கிடைக்கிறதாம். பக்தி இலக்கியத்தில் தன்னை மிகக் கீழே வைக்க வேண்டும் என்று நினைத்த அடியார்கள் எல்லாம் "நாயேன்" என்றுதான் சொல்லிக்கொண்டார்கள். நாயைக் கேட்காமலேயே நாயின் விலையைக் குறைத்து வைப்பது நமக்கு நெடுங்காலப் பழக்கம். நான் அத்தனை பேருக்கும் ஒரே பதில்தான் சொன்னேன்: "செய்யப்போறேன்." வாதமே இல்லை. வாதம் செய்தால் தோற்றுவிடுவேன் என்று எனக்குத் தெரியும். பிடிவாதத்தைத் தோற்கடிக்க யாராலும் முடியாது.

மருத்துவர் கேட்ட முதல் கேள்வியிலேயே தடுக்கி விழுந்தேன். "வேற என்ன மருந்து குடுக்கறீங்க? எதையும் மறைக்காதீங்க. மயக்க மருந்தோட மோதும்." ஒன்றும் இல்லை என்றேன். என் மனைவி என்னைப் பார்த்தாள். "நம்ம வீட்ல ஒண்ணும் இல்ல. மத்த வீடுங்கள்ல?"

அன்று மாலை வீடு வீடாகப் போய் விசாரித்தேன். எதிர்வீட்டம்மா மின்னணுப் பொருள் ஆலையில் முதல் ஷிப்ட். கட்டியைப் பார்த்துவிட்டு, வலிக்குமே என்று தன்னுடைய தலைவலி மாத்திரையில் பாதியை வாரம் ஒருமுறை கொடுத்துவந்திருக்கிறார். கோடிவீட்டில் மஞ்சளும் ஏதோ ஒரு வேரும் அரைத்த உருண்டை. இரண்டு வீட்டுக்காரர்களும் நான்தான் நாயைக் கவனிப்பதில்லை என்று வருத்தத்தோடு நினைத்திருக்கிறார்கள். மனிதர்களின் வலி மாத்திரையில் சிலது நாயின் ஈரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும் என்று மருத்துவர் சொன்னதை நான் சொன்னபோது, எதிர்வீட்டம்மா தலையில் கை வைத்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"ஐயோ தேவரே, கடவுளே. நல்லதுன்னுதான் குடுத்தன் அண்ணா."

"இனிமே குடுக்காதீங்கம்மா, போதும்."

ரத்தப் பரிசோதனை வந்தது. ஈரல் தப்பித்திருந்தது, சிறுநீரகமும். மார்பு எக்ஸ்ரே சுத்தம். இதயத்தில் லேசான முணுமுணுப்பு. அதற்கேற்ற மயக்க மருந்தாகப் பார்த்துக் கொடுப்பதாக மருத்துவர் சொன்னார். ஆனால் ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் இருக்க வேண்டியதில் பாதிக்கும் கீழே. உண்ணிக் காய்ச்சல் உள்ளுக்குள்ளேயே இருந்திருக்கிறது. இந்த நிலையில் அறுத்தால் ரத்தம் நிற்காது. நான்கு வாரம் மாத்திரை, பிறகு மறுபடியும் பரிசோதனை. நான் அவசரப்பட்டேன், கட்டி வளர்கிறதே என்று. "தேதி முக்கியமா சார், அவ எழுந்திரிக்கறது முக்கியமா?" என்றார். நான் ஆலையில் உற்பத்திப் பிரிவிடம் தினமும் கேட்கும் கேள்வியை என்னிடமே திருப்பிக் கேட்டுவிட்டார்.

நான்கு வாரம் கழித்து எண்ணிக்கை ஏறியது. தேதி குறித்தோம். அப்போதுதான் அந்த விடுப்பு விண்ணப்பமும் மாமனார் பேச்சும்.

அறுவைக்கு முந்தைய நாளுக்கான உத்தரவுகளை மருத்துவர் ஒரு தாளில் எழுதித் தந்தார். தையல் பிரிக்கும்வரை தண்ணீர் படக்கூடாது, அதனால் முன்னதாகவே குளிப்பாட்டி நன்றாகக் காயவைக்கவும். இரவு எட்டரைக்கு மேல் உணவு கிடையாது. தண்ணீர் காலை ஐந்து வரை. காலையில் மூத்திரம் போக வைத்து அழைத்து வரவும். பழைய போர்வை ஒன்று, அவள் வாசனை உள்ளதாக. கடைசி வரிக்கு இரண்டு முறை அடிக்கோடு: வயிறு காலியாக இருக்க வேண்டும்.

மூன்று வீட்டு நாயின் வயிற்றை எப்படிக் காலியாக வைப்பது? என் மனைவி சொன்னது எளிய வழி. "காலைல வெளிய விடாதீங்க. பின்பக்கம் கூட்டினு போயிட்டு உள்ளயே வெச்சிருங்க."

"பஸ்ஸை அனுப்பாம அவ இருக்க மாட்டா. குரைச்சே தெருவை எழுப்பிடுவா. பயந்துபோய் வந்தா மயக்கமே சரியா ஏறாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காங்க. வாசல்ல சங்கிலியில கட்டிடறேன். நான் ஒரு ஏற்பாடு பண்ணியிருக்கேன்."

"என்னா ஏற்பாடு?"

"டேக்."

ஆலைகளில் வேலை செய்யாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் எந்த ஆலைக்குப் போனாலும் பொருள்களில் அட்டைச் சீட்டு தொங்கும். பச்சை என்றால் சரி. மஞ்சள் என்றால் நிறுத்தி வை, முடிவாகவில்லை. சிவப்பு என்றால் கழிவு. உடைசல் கிடங்குக்குப் போக வேண்டியது. புதிதாகச் சேர்கிறவர்களுக்கு இதைச் சொல்லித் தருவதே நான்தான். "எழுத்தைப் படிக்க வேண்டாம். நிறத்தைப் பாருங்கள், பத்தடி தூரத்திலிருந்தே தெரிய வேண்டும். சிவப்பைத் தொடாதீர்கள், திருப்பிப் பார்க்காதீர்கள், கேள்வி கேட்காதீர்கள்." இருபத்திரண்டு வருடமாக இதையே சொல்லி, எங்கள் தெருவில் குடியிருக்கும் பாதிப் பேரை நானே பழக்கியிருக்கிறேன்.

என் பையில் எப்போதும் ஒரு கட்டு சிவப்புதான் இருக்கும். மற்ற நிறங்களுக்கு என் வேலையில் தேவை குறைவு. ஒன்றை உருவி, பின்பக்கத்தில் மூன்று மொழியில் எழுதினேன்: "இன்று அறுவைச் சிகிச்சை. உணவு கொடுக்காதீர்கள்." கன்னடத்தையும் தெலுங்கையும் கைப்பேசியைப் பார்த்து வரைந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். அதை நாயின் கழுத்துப்பட்டையில் கட்டினேன். எவ்வளவு கச்சிதமான ஏற்பாடு என்று எனக்கே தோன்றியது. அப்படித் தோன்றும்போதெல்லாம் எனக்கு ஏதோ ஒன்று நடந்திருக்கிறது.

விடியாத பனி. அவளை வாசல் கம்பிக்கதவுக்கு வெளியே கட்டிவிட்டு நான் குளிக்கப் போனேன். இருபது நிமிடம். திரும்பி வந்தபோது பேருந்துகள் போய்விட்டிருந்தன. மிச்சமிருந்த கடைசிப் பேருந்துக்காக நின்ற இரண்டு பேர் என்னைப் பார்த்ததும் பார்வையைத் திருப்பிக்கொண்டார்கள். அதில் ஒருவர், எங்கள் ஆலையில் வெல்டிங் வேலை செய்பவர், குல்லாயைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். ஒரு நாய்க்காக இவ்வளவு சிரமப்படுகிறேனே என்று மரியாதை செய்கிறார் என நினைத்து, அடக்கமாகத் தலையசைத்தேன். நாய் காலை நீட்டிப் படுத்திருந்தது. முகத்தில் என்றுமில்லாத ஓர் அமைதி. நோன்பு இருந்தால் மிருகங்களுக்கும் உள்ளே ஒரு தெளிவு வரும்போல என்று என் மனைவியிடம் சொன்னேன். அவள் பழைய போர்வையை மடித்துப் பையில் வைத்தாள்.

மருத்துவமனையில் எட்டு மணிக்கு எடை பார்த்தார்கள். சீட்டையும் கழுத்துப்பட்டையையும் கழற்றி என்னிடம் தந்தார்கள். முன்னங்காலில் கொஞ்சம் மயிர் மழித்து, ஊசிக்குழாய் வைத்தார்கள்.

"கடைசியா எப்ப சாப்பிட்டா?"

"நேத்து எட்டரைக்கு. அதுக்கப்புறம் ஒரு பருக்கை கூட இல்ல" என்றேன், சான்றிதழில் கையெழுத்துப் போடும் குரலில். ஒப்புதல் படிவத்திலும் கையெழுத்துப் போட்டேன். மருத்துவர் முதல் மருந்தை ஊசியில் ஏற்றிக்கொண்டிருந்தார். என் கைப்பேசி அடித்தது. எதிர்வீட்டம்மா. ஆலைக்குள் கைப்பேசி கூடாது, அலமாரியில் பூட்டி வைக்க வேண்டும். தேநீர் இடைவேளை பத்து நிமிடம்தான். அதில் ஓடிவந்து கூப்பிட்டிருக்கிறார். குரல் உடைந்திருந்தது.

"அண்ணா, முடிஞ்சிடுச்சா?"

"இன்னும் இல்லம்மா. இப்பதான் ஊசி போடப்போறாங்க."

"பக்கத்துலயே இருங்கண்ணா. கண்ண மூடற வரைக்கும் தலையத் தடவிக்கினே இருங்க. தனியா விட்டுடாதீங்க."

"சரிம்மா, இருக்கேன்."

"நாங்க எல்லாருமே பார்த்துட்டோம் அண்ணா. வயிறு நெறைய சாப்புட்டுதான் போயிருக்கா. அது ஒண்ணுதான் மனசுக்கு சமாதானம்."

"என்னம்மா சாப்பிட்டா?"

"நான் ரெண்டு முட்டை குடுத்தன், என் டப்பால இருந்த சித்ரான்னம் குடுத்தன். அந்த வெல்டிங் அண்ணன் கோழித்துண்டு மொத்தமும் போட்டுட்டாரு. கோடிவீட்ல நெய் ஊத்தி ராகிக்களி. கடைசி சாப்பாடு ஆச்சே, யாருக்குத்தான் மனசு வரும்."

"கடைசி சாப்பாடா? யாரு சொன்னா?"

"நீங்கதான சிவப்பு மாட்டி வெச்சிருந்தீங்க? நீங்க சிவப்பு மாட்டினா அதுக்கு அப்பீல் ஏது அண்ணா?"

நான் ஊசியை மறித்துக் கையை நீட்டினேன். மருத்துவர் என் முகத்தைப் பார்த்தார், ஊசியைப் பார்த்தார், அதைத் தட்டில் வைத்துவிட்டார்.

"சாப்பிட்டிருக்காளா?"

"முட்டை. சித்ரான்னம். கோழி. களி. நெய்." உடைசல் கிடங்குப் பட்டியல் வாசிப்பதுபோல வாசித்தேன்.

அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். மெதுவாகத்தான் சொன்னார். "மயக்கம் ஏறும்போதும் தெளியும்போதும் வாந்தி வரும் சார். அந்த நேரத்துல விழுங்கற உணர்ச்சி இருக்காது. வயித்துல இருக்கறது நேரா நுரையீரலுக்குப் போகும். டேபிள்லயே போயிருப்பா, இல்லன்னா ரெண்டு நாள் மூச்சுத் திணறிப் போயிருப்பா. அந்த ஃபோன் பண்ணவங்களுக்கு ஒரு கும்பிடு போடுங்க. அப்புறம், அந்த டேக் யாரு போட்டது?"

"நான்தான்."

"என்ன வேலை பண்றீங்க?"

"குவாலிட்டி."

அவர் முதல்முறையாகச் சிரித்தார். வியாழக்கிழமை வரச் சொன்னார்.

திரும்பி வரும் ஆட்டோவில் நாய் என் மடியில் தூங்கியது, விருந்து உண்ட களைப்பில். எனக்கு உறைத்தது வேறொன்று. பத்துப் பேர் அந்தச் சீட்டைப் பார்த்திருக்கிறார்கள். பதினோரு வருடம் வளர்த்த நாயைக் கழித்துக்கட்டப்போகிறேன் என்று பத்துப் பேரும் நம்பியிருக்கிறார்கள். ஒருவருக்குக்கூட, "இந்த ஆளா? இருக்காதே" என்று தோன்றவில்லை. துக்கப்பட்டிருக்கிறார்கள், டப்பாவைத் திறந்திருக்கிறார்கள், ஆனால் ஆச்சரியப்படவில்லை. கதவைத் தட்டிக் கேட்கவும் இல்லை. கேட்கக் கூடாது என்று சொல்லித் தந்தவன் நான்.

"அவங்க மேல என்னா தப்பு?" என்றாள் என் மனைவி, வெளியே பார்த்தபடி. "கட்டிய மூணு மாசம் பாக்கலாம் பாக்கலாம்னீங்க. நீங்க அந்த டேக்க எடுத்தப்ப எனக்கே ஒரு நிமிசம் அப்படித்தான் தோணிச்சு."

அன்று மாலை, வேறு வழியில்லாமல், இரண்டாவது விடுப்பு விண்ணப்பம் எழுதினேன். "அதே நாய். அதே அறுவைச் சிகிச்சை." மறுநாள் மேலாளர் அதை நீண்ட நேரம் பார்த்தார்.

"அன்னிக்கே மாமனார் போயிட்டாருன்னு எழுதியிருந்தா, இப்ப அழகா பதினாறாம் நாள் காரியம்னு எழுதியிருக்கலாம் சார்."

"நாய்தான் சார். போடுங்க."

"உறவுங்கற கட்டம் இன்னும் காலியா இருக்கு."

"இருக்கட்டும்."

புதன்கிழமை காலை, சீட்டு ஏதும் இல்லாமல் நானே பேருந்துக் கூட்டத்துக்குள் போய் நின்றேன். ஒட்டுவதும் மாட்டுவதும்தான் எனக்கு வரும். வாயைத் திறந்து பேசுவது வராது. பத்துப் பேர் என்னைச் சுற்றி வந்துவிட்டார்கள். வெல்டிங்காரர்தான் முதலில் ஆரம்பித்தார்.

"அப்ப சாகடிக்கக் கூட்டிட்டுப் போகலயா சார்?"

"இல்லங்க. காப்பாத்தத்தான் கூட்டிட்டுப் போனேன்."

"நான் அன்னிக்குப் பட்டினி கிடந்தன் சார். டப்பாவ அவளுக்குக் கொட்டிட்டு, மத்தியானம் சோறும் எறங்கல. ஒரு வார்த்த சொல்லக்கூடாதா? மனுசன்தான நீங்க?"

"பின்பக்கம் எழுதியிருந்தேன்."

"சிவப்ப எவன் சார் திருப்பிப் பார்ப்பான்? தொட்டா மெமோ குடுப்பீங்க!"

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன், நியாயமாக எனக்கு அந்த உரிமை இல்லாவிட்டாலும். நாளைக்கு அறுவை, பிழைப்பதற்காகத்தான், வயிறு காலியாக இருந்தால்தான் எழுந்திருப்பாள் என்று தமிழில் சொன்னேன். சாப்பாடு கொடுக்காதீர்கள் என்பதைக் கன்னடத்தில் "ஊட்டா கொடபேடி" என்றேன், தெலுங்கில் "அன்னம் பெட்டகண்டி" என்றேன். இருபத்திரண்டு வருடம் எல்லையில் குடியிருந்து கற்றது அவ்வளவுதான், உச்சரிப்புக்கு அங்கேயே நாலு பேர் திருத்தம் சொன்னார்கள். எதிர்வீட்டம்மா எல்லாருக்கும் பொதுவாக அறிவித்தார்: "நாளைக்கு எவராவது டப்பா மூடியத் தொறந்தீங்க, கைய ஒடச்சிடுவன்."

"அண்ணியே மொதல்ல குடுப்பாங்க பாரு" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"நான் குடுக்கமாட்டன். வேணும்னா என் டப்பாவ நீயே வெச்சுக்க."

வியாழக்கிழமை விடியற்காலையில் பத்துப் பேரும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வரிசையாக நின்றார்கள். டப்பாக்கள் எல்லாம் சுவர் மேலே, அவளுக்கு எட்டாத உயரத்தில். நான் சங்கிலியைக் கையில் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தேன். அவள் ஒவ்வொருவர் காலடியிலும் போய் உட்கார்ந்தாள், மூக்கை உயர்த்தினாள், அடுத்தவரிடம் போனாள். மூன்று மொழியிலும் ஏமாற்றம். கடைசியில் நடுச் சாலையில் நின்று எல்லாரையும் மொத்தமாகத் திட்டினாள். அப்படி ஒரு குரைப்பை நான் கேட்டதில்லை. பேருந்து ஓட்டுநர் கண்ணாடியை இறக்கி, "என்னா சார், ஸ்ட்ரைக்கா?" என்றார்.

மருத்துவர் இந்த முறை என்னைக் கேட்கவில்லை. என் மனைவியைக் கேட்டார்.

உள்ளே கொண்டுபோய் ஒன்றரை மணி நேரம். முதல் மருந்து ஏறி அவள் தலை சாயும் வரைக்கும் பக்கத்தில் இருக்க விட்டார்கள். எதிர்வீட்டம்மா சொன்னபடி தடவிக்கொண்டே இருந்தேன். பிறகு வெளியே பெஞ்சு. என் பையில் வாசிக்கப் புத்தகம் இருந்தது; ஒரே பக்கத்தை ஒன்றரை மணி நேரம் பார்த்தேன். இவள் எழுந்திருக்காவிட்டால் உணவகத்தில் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். "அப்பவே சொன்னமே" என்பார்கள். சொல்லட்டும் என்று நினைத்தேன். சும்மா விட்டு அழுகிப்போவதைப் பார்த்துக்கொண்டிருப்பதற்குப் பெயர் பக்குவம் என்றால், அந்தப் பக்குவம் எனக்கு வேண்டாம்.

கதவு திறந்தது. மருத்துவர் கையுறையைக் கழற்றிக்கொண்டே, "குழாய எடுத்துட்டோம். மூச்சு தானா விடறா" என்றார். உள்ளே அவள் போர்வைக்குள் கிடந்தாள், நாக்கு ஒரு பக்கமாகத் தொங்க. வயிற்றில் ஒரு சாண் தையல். எழுந்திருக்க முயன்றாள், விழுந்தாள், மறுபடி முயன்றாள். "படுடி, அவசரம் என்னா உனக்கு" என்று என் மனைவி அவள் கழுத்தைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் ஜன்னல் பக்கம் போய்க் கிரானைட் லாரிகளை எண்ணினேன். ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிய வெகுநேரம் ஆனது.

கட்டியைச் சோதனைக்கு அனுப்பினார்கள். பத்து நாளில் முடிவு வந்தது. கெட்ட வகைதான், ஓரங்கள் சுத்தமாக எடுக்கப்பட்டிருக்கின்றன, ஆனாலும் திரும்ப வரலாம். உணவகத்துப் பெரியவர் ஒருவர் இதைக் கேட்டுவிட்டுத் திருப்தியோடு தலையசைத்தார். "அப்ப எதுக்கு சார் இத்தனை பாடு?"

"வரட்டும்" என்றேன். "மறுபடியும் ரத்தத்தக் கேப்போம், இதயத்தக் கேப்போம்."

அவள் கழுத்தில் பிளாஸ்டிக் கூம்போடு, வாசல் தூணில் இரண்டு முறை இடித்துக்கொண்டு, பேருந்துகளை அனுப்பப் போகிறாள். கூம்புக்குள்ளிருந்து வரும் குரைப்பு ஒலிபெருக்கி வைத்ததுபோல இருக்கிறது. ஆலையில் என் நிலைமைதான் மோசம். சிவப்புச் சீட்டு மாட்டப் போனால் இப்போது ஆளாளுக்கு வந்து, "நெசமாவே ரிஜெக்டா சார், இல்ல நாய்க்குப் போட்ட மாதிரியா?" என்று கேட்கிறார்கள். திருப்பிப் பின்பக்கத்தையும் படிக்கிறார்கள். நான் மெமோ கொடுப்பதில்லை.

தையல் பிரிக்க அரைநாள் விடுப்பு வேண்டியிருந்தது. காரணம்: "நாய்க்குத் தையல் பிரிக்க." மேலாளர் பேனாவை எடுத்துவிட்டு, பழக்க தோஷத்தில் கீழே பார்த்தார். "நோயாளியுடன் உறவு" என்ற கட்டத்தை இந்த முறை நான் நிரப்பியிருந்தேன்.

"ஆம்" என்று எழுதியிருந்தேன்.